சண்டைக்குத் தகுதி

அந்த அடி விழுந்த சத்தம் விளையாட்டுக் கூடத்தைத் தாண்டி நர்ஸ் அறைவரை கேட்டது. குத்துச்சண்டைப் பயிற்சிக்கு எதிரே நிறுத்தப்பட்ட பையன் குண்டூசி என்கிற அந்தப் பெண்ணைவிடப் பத்துக் கிலோ கூடுதல். பொட்டில் ஓங்கி ஒன்று விட்டான். அவள் மல்லாக்க விழுந்தாள். தலை தரையில் மோதியது. எழுந்து, "இன்னொரு தடவ வாடா பாக்கலாம்" என்று கையை ஆட்டிவிட்டு, கதவோரம் போய் வாந்தி எடுத்தாள்.

நர்ஸ் ஓடி வந்தபோது பயிற்சியாளர் அந்த வாந்தியின் மேல் மண்ணள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். "காலைல சாப்பிட்டது சேரல சிஸ்டர்" என்றார். மனிதருக்கு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதெல்லாம் தினசரி வேலை. நர்ஸ் நம்பவில்லை, தலையில் அடி என்று பதிவேட்டில் எழுதினாள்.

குண்டூசி என்பது பள்ளிக்கூடமே சேர்ந்து வைத்த பெயர். பதினாறு வயது, ஈர்க்குச்சி உடம்பு, ஆனால் குத்தினால் எலும்புவரை இறங்கும். இரண்டு வருடத்துக்கு முன் அவள் குத்தியதெல்லாம் தன்னைத்தான். வாரம் இரண்டு முறை கையைக் கிழித்துக்கொண்டு வந்து நர்ஸ் முன்னால் நீட்டுவாள். ஏன் என்று கேட்டால் கழிவறைச் சுவரில் நெற்றியை மோதுவாள். நாலு பேர் சேர்ந்து பிடித்தாலும் அடங்க மாட்டாள். ஆலோசகர் வந்து பேசினார், தலைமையாசிரியர் பேசினார், எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. கடைசியில் நர்ஸ்தான் அவளைத் தரதரவென்று இழுத்துப்போய் மணல் மூட்டை முன்னால் நிறுத்தினாள். "அடிக்கணும் போல இருக்கா? இத அடி. உன்ன அடிக்காத."

அன்று மூட்டை கிழிந்து மணல் கொட்டும்வரை அடித்தாள். அதற்குப் பிறகு கையில் ஒரு கீறல் கிடையாது. தன் வாழ்நாளில் செய்த ஒரே உருப்படியான வைத்தியம் இதுதான் என்று நர்ஸ் கேட்டவர் கேளாதவர் எல்லாரிடமும் பீற்றிக்கொள்வாள். பீற்றிக்கொள்ளட்டும், உண்மைதானே.

தலையில் அடிபட்டவர் பத்து நாள் ரிங்குக்குள் கால் வைக்கக் கூடாது என்பது பள்ளி விதி. பிறகு நர்ஸ் சோதித்து, 'சண்டைக்குத் தகுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இறுதிப் போட்டி பன்னிரண்டாம் நாள்.

அந்தப் பத்து நாளும் நரகம். நாலாம் நாள் குண்டூசி வகுப்பறைக் கண்ணாடியைக் கையால் உடைத்தாள். ஏழாம் நாள் சட்டைக் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே நர்ஸ் அறைக்கு வந்தாள். நர்ஸ் துணியை விலக்கிப் பார்த்தாள். புதுக் காயம். மூட்டையாவது அடிக்கட்டும் என்றால் விதி அதற்கும் இடம் தரவில்லை. சீக்கிரம் பத்து நாள் ஓடிவிட வேண்டும், இவள் சோதனையில் தேறிவிட வேண்டும் என்று நர்ஸ் மனதார விரும்பினாள். விரும்பியவள் சோதிக்கக் கூடாது. அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

பதினோராம் நாள் சோதனை. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள், நின்றாள். தலைவலி உண்டா என்றாள், இல்லை என்றாள். பிறகு ஐந்து சொல். பேனா, குதிரை, மழை, நாற்காலி, எலுமிச்சை. பத்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். குண்டூசி கைக்குள் லேசாக இருமிவிட்டு வரிசை பிசகாமல் சொன்னாள். நர்ஸுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

அந்தச் சோதனைப் புத்தகத்தில் ஆறு பட்டியல் உண்டு, ஒவ்வொரு தடவையும் மாற்றிக் கேட்க. ஆறு வருடத்துக்கு முன் நர்ஸ் நகலெடுத்தது முதல் பக்கத்தை மட்டும்.

மறுநாள் கூடம் நிரம்பி வழிந்தது. முதல் சுற்றிலேயே எதிர்ப்பள்ளிப் பெண் குண்டூசியைக் கயிற்றோரம் தள்ளி விலாவில் நாலு குத்து இறக்கினாள். குண்டூசி திருப்பி விட்டதில் அந்தப் பெண்ணின் உதடு கிழிந்து மேடையில் ரத்தம் தெறித்தது. கூட்டம் "குத்து, குத்து" என்று கத்தியது. படித்தவர்கள்தான், முன்வரிசையில் பாதிப் பேர் ஆசிரியர்கள்.

நர்ஸ் அப்போது உடைமாற்றும் அறையில் இருந்தாள். முந்தைய ஆட்டத்தில் மூக்குடைந்த ஆறாம் வகுப்புச் சிறுமிக்குப் பஞ்சு வைத்து, "அஞ்சு வார்த்தை சொல்றேன், ஞாபகம் வச்சுக்கணும்" என்று ஆரம்பித்தாள்.

"பேனா, குதிரை, மழை, நாற்காலி, எலுமிச்சை" என்றது அந்தச் சிறுமி, மூக்கைப் பிடித்துக்கொண்டே.

நர்ஸ் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. "உனக்கு யாரு சொன்னா?"

"டீம்ல எல்லாருக்கும் தெரியும் சிஸ்டர். குண்டூசி அக்காதான் சொல்லிக்குடுத்தாங்க. ஆனா இப்ப அவங்களுக்கே ஞாபகத்துல நிக்க மாட்டேங்குதாம். முந்தாநேத்து உள்ளங்கையில எழுதிக்கிட்டாங்க."

"முந்தாநேத்தா?"

"இல்ல இல்ல, நேத்து. உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி."

கைக்குள் இருமியது அதற்குத்தான். நர்ஸ் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

இரண்டாம் சுற்று நடந்துகொண்டிருந்தது. குண்டூசியின் கை கீழே தொங்கியது. ஒரு குத்து தாடையில், ஒன்று காதோரம், இன்னொன்று நெற்றியில். ஒவ்வொன்றுக்கும் தலை பின்னால் போய் வந்தது. நடுவர் புள்ளி எண்ணிக்கொண்டிருந்தார்.

"துண்டத் தூக்கிப் போட்டு ஆட்டத்த நிறுத்துங்க! அவளுக்கு இன்னும் சரியாகல!" என்று நர்ஸ் பயிற்சியாளரைப் பிடித்து உலுக்கினாள்.

"நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க? பேசாம ஒக்காருங்க. இன்னும் ஒரு நிமிஷந்தான்."

துண்டை அவர் தோளிலிருந்து பிடுங்கினாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். இருபது வருடம் ஊசி போட்ட கை, மளுக்கென்றது. நர்ஸ் குனிந்து அவர் விரலைக் கடித்தாள். வாயில் ரத்தம் உப்புக் கரித்தபோதுதான் அவர் விட்டார். துண்டை வீசினாள், அது கயிற்றில் சிக்கிக்கொண்டது. கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்துவிட்டாள்.

"போதும்மா, நாந்தான், சிஸ்டர்" என்று குண்டூசியின் முன்னால் போய் நின்றாள்.

குண்டூசி பார்த்தாள். அந்தக் கண்ணில் ஆளைத் தெரிந்த அடையாளமே இல்லை. ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிந்து கிடந்தது. முன்னால் நின்ற உருவத்தின் மூக்கில் தன் முழு பலத்தையும் இறக்கினாள். எலும்பு நொறுங்கிய சத்தம் நர்ஸுக்குத் தன் மண்டைக்குள்ளேயே கேட்டது. விழவில்லை. அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். முதுகில், விலாவில், கழுத்தில் என்று குத்து விழுந்துகொண்டே இருந்தது. பிறகு மெதுவானது. பிறகு அந்த உடம்பு முழுப் பாரத்தோடு அவள் மேல் சரிந்தது.

மருத்துவமனையில் குண்டூசியின் மண்டையைத் திறந்து உறைந்த ரத்தத்தை எடுத்தார்கள். அறுவை அறை வாசலுக்குக் குண்டூசியின் அம்மா தான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்து மேலங்கியோடு ஓடி வந்தாள், கையில் நாலாக மடித்த தாள்.

"இது உங்க கையெழுத்துதான?"

"ஆமாம்மா."

கன்னத்தில் அறை விழுந்தது. கட்டுப் போட்ட மூக்கிலிருந்து மறுபடியும் ரத்தம் வழிந்தது.

"அவ தலை வலிக்குதுன்னு ராத்திரியெல்லாம் அழுதா. போவாதடின்னு சொன்னேன். நர்ஸே எழுதிக் குடுத்துட்டாங்கன்னு இதக் காட்டினா. உங்கள நம்பி அனுப்பினேன்!" இன்னொரு அறை.

பயிற்சியாளரைச் சொல்லியிருக்கலாம். உள்ளங்கையைச் சொல்லியிருக்கலாம். "ஒரே பட்டியலத்தான் வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டு இருந்தேன். நான் செஞ்ச தப்பு" என்றாள் நர்ஸ். அந்த அம்மா அடிப்பதை நிறுத்திவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து அழுதாள்.

அறுவைக்குப் பின் ஐந்தாம் நாள், நர்ஸும் அம்மாவும் கட்டிலின் இரு பக்கமும் இருக்க, குண்டூசி தெளிவாகப் பேசினாள். அன்றே மருத்துவர் வந்து, கால் ஆடுகிறதா, விரல் தெரிகிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டு, போகிற போக்கில் சொன்னார். "உயிர் தப்பிச்சது பெரிய விஷயம். இனிமே குத்துச்சண்டைய மறந்துடு."

அவர் கதவைச் சாத்தினார். குண்டூசி வலது கையை முஷ்டியாக மூடி, தையல் போட்ட தன் தலையை நோக்கி ஓங்கினாள்.

நர்ஸ் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். மறுகை எழுந்தது. அதை அம்மா பிடித்தாள். குண்டூசி பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு பேரையும் கட்டிலோடு சேர்த்து இழுத்தாள். அவள் பலத்தில் இம்மியும் குறையவில்லை. நர்ஸின் முறுக்கிய மணிக்கட்டு உயிர் போகிறமாதிரி வலித்தது.

கட்டிலின் அந்தப் பக்கமிருந்து, மூச்சு வாங்க, அம்மா கத்தினாள். "விட்டுடாதீங்க சிஸ்டர்!"

"நான் விடலம்மா. நீங்க விட்டுடாதீங்க."