எந்தக் கால் முன்னால்

பனிச்சறுக்குப் பலகையில் எந்தக் காலை முன்னால் வைப்பீர்கள் என்று ஆளைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. பாதிப் பேர் தெரியாமலே ஏதாவது சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ள வேண்டும். விழாமலிருக்க எந்தக் கால் முன்னே பாய்கிறதோ, அதுதான். கேபிள் கார் அடிவாரத்தில் இருக்கும் எங்கள் கடைக்கு வருகிறவர்களை இப்படித் தள்ளிப் பார்த்துத்தான், காலைப் பலகையோடு பிடித்து வைக்கும் பைண்டிங்கைப் பூட்டிக் கொடுக்கிறேன்.

அன்று காலை என் தம்பி செவரின் பலகையோடு வந்தான். வடக்குச் சரிவில் போட்டி. போன வருஷம் அங்கே பாறையில் மோதியவன் இன்னும் சக்கர நாற்காலியில் இருக்கிறான்.

"புர்கி அக்கா, பைண்டிங்க மாத்திக் குடு. வலது கால் முன்னால."

"எதுக்குடா? சின்ன வயசுலேர்ந்து இடதுதானே?"

"சும்மா, ஒரு ஸ்டைலுக்கு."

"மூஞ்சியப் பாரு, ஸ்டைலாம்!"

விளையாட்டாக முதுகில் தள்ளினேன். வலது கால் முன்னே வந்தது. மறுபடி தள்ளினேன். மறுபடியும் வலதுதான். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"இடது முட்டி என்னடா ஆச்சு?"

"போன வாரம் திருகிக்கிச்சு. இறங்கறப்ப பாரமெல்லாம் முன்கால்லதானே விழும், அதான். யார்கிட்டயும் சொல்லாதக்கா. இன்னைக்கு விட்டா டீம்ல இடம் போச்சு."

"நான் மாட்ட மாட்டேன். போடா."

அவனே திருப்புளியை எடுத்தான். அவசரமாக முடுக்கியதில் ஒரு திருகு கோணலாக இறங்கியது. பாதிச் சரிவில் அது பிடுங்கிக்கொண்டால் ஆளே மிஞ்ச மாட்டான். பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் திருப்புளியைப் பிடுங்கி நானே சரியாகப் பூட்டினேன். பூட்டப் பூட்ட அழுகை முட்டியது. நானே இவனை அனுப்பி வைக்கிறேனே, பாவி.

வெளியே ஒலிபெருக்கி அவன் பேரைக் கூப்பிட்டது. பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்குத் திரும்பினான். முதுகு எனக்கு நேரே இருந்தது. தள்ளிப் பழகிய கைகள் இரண்டும் பயத்தில் அவன் கோட்டை இறுகப் பிடித்துக்கொண்டன.

"விடுக்கா."

"மாட்டேன். முடிஞ்சா இழுத்துட்டுப் போ, பாப்போம்."

இடது காலை ஊன்றி இழுத்தான். முட்டி மடங்கியது. விழாமலிருக்கக் கதவைப் பிடித்துக்கொண்டான். ஒலிபெருக்கி மறுபடி கூப்பிட்டது. அவன் அடியெடுத்து வைக்கவில்லை.

"அக்கா," என்றான் மெதுவாக. "விட்டுடாத."