நான்கு நிமிடம் முன்னால்

டெக்னீஷியன் கையிலிருந்த சின்ன ஆண்டெனாவைத் தெருவின் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவள் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். மீட்டரின் முள் எகிறிக் குதித்தது.

"மேடம், இது உங்க வீடாச்சே" என்றார், ஏதோ தானே தப்புச் செய்துவிட்ட மாதிரி.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளை ஆராய்வதிலேயே வாழ்க்கையைக் கழித்தவள். அந்த அலைகளைப் பிடிக்கும் பெரிய ஆண்டெனாவைச் சுற்றியுள்ள இந்தக் குடியிருப்பில் கம்பியில்லாமல் பேசும் எதுவும் கூடாது என்பது சட்டம். அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தவளும் அவள்தான். கேன்டீன்காரரின் மைக்ரோவேவ் அடுப்பை வெளியேற்றினாள். பக்கத்து வீட்டுக் குழந்தையின் ரிமோட் காரைப் பிறந்தநாளன்றே பறிமுதல் செய்தாள். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் 'போலீஸக்கா' என்பார்கள். உள்ளூர அவளுக்கு அதில் பெருமைதான்.

ஓய்வு பெறும் நேரத்தில்தான் பெரிய ஆண்டெனாவில் அந்தப் புதுச் சமிக்ஞை விழுந்தது. இத்தனை வருஷமும் ஊரார் கண்டுபிடிப்புக் கட்டுரைகளில் ஐந்தாவது பெயராகவும் ஆறாவது பெயராகவும் இருந்தவளுக்கு, முதல் பெயராகும் வாய்ப்பு. அவசரப்படவில்லை, சோதித்தாள். எந்த நட்சத்திரமும் நேற்று உதித்ததைவிட இன்று நான்கு நிமிடம் முன்னதாக உதிக்கும். மனிதர்களின் கருவிகளோ கடிகாரத்தைப் பார்த்து நடக்கும். இந்தச் சமிக்ஞை நட்சத்திரம்போலவே தினமும் சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்தது. அவளுக்குத் தூக்கமே வரவில்லை. இயக்குநரிடமும் சொல்லிவிட்டாள். வெளியே அறிவிக்க அவர் துடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஒரு சோதனை பாக்கி இருந்தது. இன்று பெரிய ஆண்டெனாவை வேறு திசைக்குத் திருப்பினார்கள். வானத்திலிருந்து வருவதென்றால் அது மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. அப்படியானால் அது பக்கத்திலேயே இருக்கிறது. எவன் வீட்டு வேலையோ, இன்றைக்கு உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்ற கோபத்தோடுதான் டெக்னீஷியனை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

கூடத்தில் அவள் கணவர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். செய்தி வாசிப்பவளின் வாய் அசைந்தது, சத்தமே இல்லை. ஆனால் அவர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார். டிவிக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, அதில் பச்சை விளக்கு. அவர் காதில் வெள்ளையாக ஏதோ செருகியிருந்தது. இவர்களைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தார்.

"எப்போலேர்ந்து?" என்றாள்.

"ஒரு வாரம் இருக்கும். சத்தமா வச்சா உனக்குத் தலை வலிக்குதுன்னு சொன்னே. குறைச்சா எனக்கு ஒண்ணும் கேக்கல. ரொம்ப நாளாவே கேக்கலம்மா, சும்மா படம் பாத்துட்டு இருந்தேன்." சற்று நிறுத்திக் குற்றவாளிபோலச் சிரித்தார். "இது டிவி சத்தத்தை நேரா காதுக்கே அனுப்புதா, ஆசை தாங்கல. தினமும் நேத்தைவிட கொஞ்சம் முன்னாடியே போட்டுடுவேன்."

டெக்னீஷியன் தலையைக் குனிந்துகொண்டார்.

அவளுக்கு அழுகை வந்தது. கைநழுவிப் போன கண்டுபிடிப்புக்கா, இந்த மனுஷன் எவ்வளவு நாளாகக் கேட்காமலேயே தலையாட்டிக்கொண்டிருந்தார் என்பதற்கா, அவளுக்கே தெரியவில்லை. எத்தனை ராத்திரி சாப்பாட்டு மேஜையில் வாய் ஓயாமல் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசியிருப்பாள்! எல்லாவற்றுக்கும் "ம், ம்" என்றவர். வெட்கமாக இருந்தது.

சட்டம் சட்டம்தான். குனிந்து பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது, முள் படுத்துவிட்டது. டெக்னீஷியன் சொல்லாமல் கொள்ளாமல் நழுவினார். கணவர் காதிலிருந்ததைக் கழற்றி, சமர்த்தாக அவள் உள்ளங்கையில் வைத்தார்.

மூலையில் தொலைபேசி அடித்தது. இயக்குநராகத்தான் இருக்கும். கணவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் டிவியின் பொத்தானை அழுத்திச் சத்தத்தைக் கூட்டினாள். அலமாரியில் பாத்திரங்கள் அதிரும்வரை கூட்டினாள். பக்கத்து வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. அவர் பதறிப்போய் ஏதோ சொன்னார். இந்தச் சத்தத்தில் அது அவள் காதில் விழவில்லை. அவள் அவர் பக்கத்தில், தோளோடு தோள் உரச உட்கார்ந்து, அவருடைய உதடுகளையே பார்த்தாள்.