தொட்டித் தண்ணீர் பார்க்கப் போனவர்

அறுக்கும் வாள் எலும்பில் சிக்கிக்கொண்டது. நோரீன் இடது கையால் பன்றித்தொடையை மேசையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, வாளை உருவப் பார்த்தாள். அசையவில்லை. ஒன்பது வருடமாக இதே வாளால்தான், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், மூன்றரை மணி வாக்கில் அவள் இந்த வேலையைச் செய்துவருகிறாள். மற்ற வருடங்களில் நான்கு இழுப்பில் எலும்பு துண்டாகிவிடும். இந்த வருடம் பல் மழுங்கிக் கிடந்தது.

"போதும் விடும்மா," என்றாள் கெய்லீன். "அப்பா உள்ள படுத்திருக்காரு. நீ இங்க எலும்பு அறுத்துக்கிட்டிருக்கே."

"அறுத்தாத்தானே நாலு மணிக்குக் கொண்டு போய் மாட்ட முடியும்."

"இந்த வருஷமுமா?"

நோரீன் வாளை மறுபடி இழுத்தாள். இந்தத் தடவை அது நகர்ந்தது.

நோரீனின் கணவர் மெர்வின் அன்று காலை ஏழே காலுக்கு இறந்திருந்தார். அக்டோபர் முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, சாவதானால் வீட்டில்தான் என்று பிடிவாதமாகத் திரும்பி வந்தவர். மெல்பர்னில் நர்ஸாக இருக்கும் மகள் கெய்லீன், இருந்த விடுப்பையெல்லாம் போட்டுவிட்டு மூன்று வாரத்துக்கு முன்பே வந்துவிட்டாள். ஒன்பது மணிக்கு டாக்டர் வந்து காகிதத்தில் கையெழுத்துப் போட்டுப் போனார். அதன் பிறகு தாயும் மகளும் அவரைத் துடைத்து, இஸ்திரி போட்ட நீலச் சட்டையை மாட்டிவிட்டார்கள். வெளியே நாற்பத்தொரு டிகிரி. வடக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. படுக்கையறை ஏர்கூலரை உச்சத்தில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். டவுனிலிருந்து அமரர் ஊர்தி ஐந்தரைக்கு வரும். "நாளைக்கு எங்க ஆளுங்க யாரும் இருக்க மாட்டாங்க, அதனால இன்னிக்கே எடுத்துடறோம்," என்று போனில் பேசியவர் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொல்லியிருந்தார். அடக்கம் புது வருடத்துக்குப் பிறகுதான். சவப்பெட்டியை மூடித்தான் கொண்டுவருவார்கள்.

வரவேற்பறையில், மணல் நிரப்பிய வாளியில் பைன் கிளை ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் அடியில் அப்பாவுக்கென்று வாங்கி வைத்திருந்த பொட்டலத்தைக் கெய்லீன் காலையில் மற்ற பொட்டலங்களுக்குப் பின்னால் தள்ளினாள். மதியம் அதை எடுத்துக்கொண்டுபோய்த் தன் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

தொடையைப் பாதியாக்கும் வழக்கம் மெர்வினின் அப்பா ஏற்படுத்தியது. அவருக்கு இரண்டு பையன்கள்: ரெக்ஸ் மூத்தவர், மெர்வின் பதினோரு மாதம் இளையவர். நிலத்தையும் நடுவில் ஒரு வேலி போட்டு இரண்டாக்கிக் கொடுத்தார். கிறிஸ்துமஸுக்கு உப்பிட்டுப் புகையில் வாட்டிய தொடை, அதாவது ஹாம், ஒன்றுதான் வாங்க வேண்டும். ஒரு வருடம் சதை கனத்த பாதி ஒருவனுக்கு, மறு வருடம் மற்றவனுக்கு. பையன்கள் இருவருக்கும் தலை நரைத்த பிறகும் அது அப்படியே நடந்தது.

பிறகுதான் அந்தத் தீ. தீப்பிடிக்கும் அபாயத்தால் அறுவடைக்குத் தடை அறிவித்திருந்த ஒரு டிசம்பர் மதியம், இன்னும் இரண்டு சுற்றுதானே என்று ரெக்ஸ் அறுவடை இயந்திரத்தை நிறுத்தாமல் ஓட்டினார். எங்கேயோ ஒரு பொறி. காற்று அதை வேலி தாண்டிக் கொண்டுபோனது. ரெக்ஸின் நிலத்தில் ஒரு மூலைதான் கருகியது. மெர்வினின் ஆடுகள் முன்னூற்று நாற்பதும் அகப்பட்டுக்கொண்டன. பாதி அங்கேயே செத்தன. வெந்து துடித்துக் கிடந்த மீதியை மெர்வின் மறுநாள் விடிந்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தார். ரெக்ஸ் தன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, பாதியை நான் பார்க்கிறேன் என்று எல்லைக் கேட்டுக்கு வந்தார். மெர்வின் திரும்பிப் பார்த்து ஒரே வாக்கியம்தான் சொன்னார். "அந்த கேட்டைத் தாண்டாதே."

அது நடந்த நாலாம் நாள் கிறிஸ்துமஸ். தொடை ஏற்கெனவே வாங்கி ஃப்ரிட்ஜில் இருந்தது. மெர்வின் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. முந்தின நாள் மூன்றரை மணிக்குத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "தொட்டித் தண்ணி பார்த்துட்டு வரேன்," என்று பிக்கப்பில் ஏறிப் போய்விட்டார். தான் அறுப்பதைப் பார்க்கப் பிடிக்காமல்தான் போகிறார் என்று நோரீன் எடுத்துக்கொண்டாள். பாதியை ஈரத் தலையணை உறையில் சுற்றி, எல்லைக் கேட்டின் இரும்புக் கம்பத்தில் மாட்டிவிட்டு, யார் கண்ணிலும் படாமல் திரும்பினாள். மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது உறை மடித்துக் கம்பத்தில் செருகியிருந்தது. கீழே ஒரு பாட்டில் கடுகு ஊறுகாய். அதன் பிறகு எல்லா வருடமும் அப்படித்தான். ரெக்ஸின் மனைவி இறந்த பிறகு ஊறுகாயை அவரே போட்டார். அது யார் கொடுத்தது என்று மெர்வின் கேட்டதில்லை. ரொட்டியில் தடவிக்கொண்டே, "இந்த வருஷம் உப்பு ஜாஸ்தி," என்பார், அவ்வளவுதான்.

"அக்டோபர்ல அப்பா சொன்னதை நீயும்தானே கேட்டே," என்றாள் கெய்லீன். "'அவன் என் பெட்டிப் பக்கம் வரக் கூடாது.' அதுதான் சொன்னாரு."

"மருந்து மயக்கம்."

"மயக்கமா? அதே மூச்சுல, பந்தயத்துல எந்தக் குதிரை ஜெயிச்சதுன்னு கேட்டாரு."

நோரீன் இரண்டு பாதிகளையும் பார்த்தாள். இந்த வருடம் கனத்த பாதி ரெக்ஸின் முறை. அதைத் தூக்கித் தலையணை உறைக்குள் இறக்கினாள்.

"நான் அவரை உள்ள கூப்பிடப் போறேன்னு யார் சொன்னது? மாட்டிட்டு வரப் போறேன்."

"அவருக்குத் தெரியுமா, அப்பா போனது?"

"தெரியாது."

"அப்போ மத்தவங்களை மாதிரி அவரும் டவுன்ல கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும்."

அப்போதுதான் சைரன் ஒலி கேட்டது. ஊர்த் தீயணைப்பு வண்டி, வருடா வருடம் வீடு வீடாக மிட்டாய் கொடுத்து வருவது. அதன் மேலிருந்து கிறிஸ்துமஸ் தாத்தா இறங்கி வாசலுக்கு வந்தார். டயர் கடை கெல்வின். சிவப்பு அங்கி அக்குள் வரை நனைந்திருந்தது.

"என்ன நோரீன், கிழவன் எங்க? போன வருஷம் பீர் தரேன்னு சொல்லி ஏமாத்தினான், இந்தத் தடவை விட மாட்டேன்."

"காலைல போயிட்டாரு, கெல்வின்."

கெல்வின் தாடியைக் கழுத்துக்கு இறக்கினார். வண்டியில் இருந்தவர்களைப் பார்த்துக் கையைக் காட்ட, சைரன் பாதியில் நின்றது. என்ன செய்வது என்று தெரியாமல் கையிலிருந்த மிட்டாய்ப் பையை நீட்டினார். நோரீன் வாங்கிக்கொண்டாள்.

"அடுத்தது ரெக்ஸ் வீடுதான்," என்றார் தயங்கி. "பிள்ளைங்க இல்ல. ஆனா அவரு பீர் கொடுப்பாரு."

"அங்க போக வேணாம். நான் பார்த்துக்கறேன்."

வண்டி சத்தமில்லாமல் போனது. கெய்லீன் வாசற்படியில் நின்று அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது நோரீன் தன் சிறிய காரை எல்லைக் கேட்டருகே நிறுத்தினாள். உறையைக் கம்பத்தில் மாட்டினாள். நீர் சொட்டிக் கீழே மண்ணில் ஒரு கறுப்பு வட்டம் விழுந்து, விழுந்த வேகத்தில் காய்ந்தது. வேலியில் இரண்டு காக்கைகள் உட்கார்ந்திருந்தன. மற்ற வருடங்களில் இந்நேரம் அவள் காரைத் திருப்பியிருப்பாள். இன்று இறங்கியபடியே நின்றாள். சொல்லுவதா, சொல்லாமல் போவதா என்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை.

ரெக்ஸின் வண்டி அந்தப் பக்கத்தில் மெதுவாக வந்து, கொஞ்சம் தள்ளியே நின்றது. அவர் உடனே இறங்கவில்லை. அவளைப் பார்க்கவுமில்லை. அவளுக்குப் பின்னால், வலது பக்கம் இருந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கினார். கேட்டின் முன் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"எப்போ?"

நோரீன் இன்னும் வாயே திறக்கவில்லை. "காலைல. ஏழே கால்."

"வலி இருந்துச்சா?"

"கடைசில இல்ல." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "உனக்கு யாரு சொன்னா? கெல்வினா?"

"யாரும் சொல்லல. வண்டி இல்லியே." மேட்டைப் பார்த்துத் தலையசைத்தார்.

"எந்த வண்டி?"

ரெக்ஸ் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார். சின்ன வயதில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து ஒன்பது வருடமாகிறது.

"உனக்குத் தெரியாதா? நீ மாட்டிட்டுப் போனதும் அவன் வந்து அந்த மேட்டுல நிப்பான். காக்கா நரி எதுவும் வாய் வெச்சிடக் கூடாதுல்ல. நான் வந்து எடுக்கற வரைக்கும் நிப்பான். எடுத்ததும் லைட்டை ஒரு தடவை போட்டு அணைப்பான். இந்த வெயில்ல லைட் எங்க தெரியப் போகுது. ஆனாலும் போடுவான்."

"எத்தனை வருஷமா?"

"முதல் வருஷத்துலேர்ந்து." ரெக்ஸ் தொப்பியின் விளிம்பைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "ஒரு வருஷம் வேணும்னே ஒரு மணி நேரம் கழிச்சு வந்தேன். இருந்தான்."

ஆட்டுத் தொட்டி வீட்டுக்குத் தெற்கே இருந்தது, மேடு வடக்கே. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் தானே நிரம்பும்படி மிதவை வைத்துப் பன்னிரண்டு வருடமாகிறது. இரண்டுமே நோரீனுக்கு நன்றாகத் தெரிந்தவைதான்.

"அஞ்சரைக்கு வண்டி வருது ரெக்ஸ். அப்புறம் பெட்டியை மூடிடுவாங்க. வந்து பாரு."

"வரக் கூடாதுன்னு சொல்லியிருப்பானே."

"சொன்னாரு."

"சொல்லுவான்," என்றார் ரெக்ஸ்.

கேட்டுச் சங்கிலி துருவேறி ஒன்றோடொன்று பிடித்திருந்தது. நோரீன் கல்லால் இரண்டு தட்டு தட்டினாள். கீல் இறங்கி, கேட்டின் அடிப்பாகம் மண்ணில் புதைந்துகிடந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கித்தான் திறக்க வேண்டியிருந்தது. ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்ததும் இருவருக்கும் மூச்சு வாங்கியது.

கெய்லீன் வீட்டுக் கதவை அடைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அப்பா என்ன சொன்னாருன்னு அம்மா உங்ககிட்ட சொன்னாங்களா, பெரியப்பா?"

"சொன்னாம்மா."

"கேட்டுட்டுமா வந்தீங்க?"

"நீ போன்னு சொன்னா போயிடறேன்."

"கெய்லீன்," என்றாள் நோரீன். "உங்கப்பா தொட்டித் தண்ணி பார்க்கப் போகல. மேட்டுல நின்னு, இவரு ஹாமை எடுக்கற வரைக்கும் காவல் இருந்திருக்காரு. ஒன்பது வருஷமும்."

கெய்லீன் பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் கையில் ஊறுகாய் பாட்டில் இருந்தது. அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வைத்திருந்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

ரெக்ஸ் கால்மிதியில் பூட்ஸை வெகுநேரம் துடைத்தார். படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முதலில் ஏர்கூலரின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. நாற்காலி இழுபடும் சத்தம். ரொம்ப நேரம் கழித்து அவர் குரல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல, ஏற்ற இறக்கமில்லாமல்.

"…தீக்கு அடுத்த வருஷம் ஜூன்ல மழை நாப்பது மில்லி. உன் பக்கம் இன்னும் கொஞ்சம் கூட இருந்திருக்கும். ஜூலைல ஒண்ணுமே இல்ல. ஆகஸ்ட்ல பதினெட்டு…"

தாயும் மகளும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் மெல்லிய பாதியும் மொண்ணை வாளும் அப்படியே கிடந்தன. கெய்லீன் வாளின் பல்லைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"ஹாமைக் கம்பத்துலயே விட்டுட்டேன்," என்றாள் நோரீன்.

 கெய்லீன் எழுந்து, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பிக்கப் சாவியை எடுத்தாள். அக்டோபருக்குப் பிறகு அதை யாரும் தொட்டிருக்கவில்லை.

"தொட்டித் தண்ணி பார்த்துட்டு வரேன்," என்றாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனாள்.

சமையலறை ஜன்னலிலிருந்து மேடு தெரியாது. ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகை மறைக்கும். நோரீன் வெயிலில் இறங்கிக் கொட்டகையின் கோடிவரை நடந்தாள். வெள்ளை பிக்கப் மேட்டின் மேல், மூக்கு கேட்டைப் பார்த்திருக்க நின்றுகொண்டிருந்தது. டவுன் பக்கம் ரோட்டில் அமரர் ஊர்தியின் புழுதி எழும்பி வந்தது.

அவள் திரும்பி உள்ளே வந்தாள். படுக்கையறைக் கதவருகே போய்த் தட்டுவதற்குக் கையைத் தூக்கினாள். உள்ளே ரெக்ஸ் இன்னும் மூன்றாவது வருடத்து மழையைத் தாண்டவில்லை. கையை இறக்கிக்கொண்டு, அங்கேயே நின்றாள்.