வாற்றன்சைட்டை வதிவிடமாகக் கொண்டவர்

வேதவல்லியின் கணவர் நடராசா செவ்வாய்க்கிழமை காலமானார். மறுநாள் காலை சிட்னியின் டூங்கபியில், அவர்களுடைய குசினிக் கதிரையில் இருந்து மரண அறிவித்தலை நான்தான் தட்டெழுதினேன். அந்தத் தெருவில் தமிழ் தட்டெழுதத் தெரிந்த கிழவி நான் ஒருத்திதான். பன்னிரண்டு மணிக்குள் இணையத்தளத்துக்கு அனுப்ப வேண்டும்.

"அச்சுவேலியைப் பிறப்பிடமாகவும்... பிறகு? ஜேர்மனியில வதிவிடம்?" என்று கேட்டேன்.

"வாற்றன்சைட்," என்றாள் வேதவல்லி.

"போஹும் எண்டு போடுங்கோ அக்கா," என்றார் சேகர். செத்தவரின் தம்பி. "அது பெரிய சிற்றி, எல்லாருக்கும் தெரியும். மற்றது வெறும் நிலக்கரிக் குழி."

"குழிதான். அதுக்கென்ன?" என்றாள் அவள்.

"அந்தக் குழியையும் மூடி, ஊரையும் எழுபத்தைஞ்சிலயே போஹுமோட சேர்த்துப்போட்டாங்கள் மச்சாள். அண்ணன் போனது எண்பத்தைஞ்சில. அவர் கரியைக் கண்டது பாபகியூவில மட்டும்தான்."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அண்ணனை இன்னும் எரிக்கவில்லை.

"எங்கட மேல்வீட்டுக் கிழவன் சுரங்கத்தில வேலை செய்தவன்," என்றாள் வேதவல்லி. "போஹும் எண்டு கடிதம் வந்தால் தபால்காரனிட்டயே திருப்பிக் குடுப்பான். அவனோட சேர்ந்து இவருக்கும் அந்தப் பிடிவாதம். 'ஒரு ஊரை விட்டுட்டு வந்தாச்சு, இதையும் விடமாட்டன்' எண்டார். அங்க கார் நம்பர் ஊர்ப்பேரின்ர எழுத்தில தொடங்கும். வாற்றன்சைட்டின்ர பழைய எழுத்தைத் திரும்பத் தருகினம் எண்ட உடன, லீவு போட்டு லைனில நிண்ட மனுசன்."

அந்த நம்பர் தகடு இப்போதும் கராஜில் தொங்குகிறது. காரை விற்றுவிட்டுத் தகட்டை சூட்கேசில் வைத்து சிட்னிக்குக் கொண்டுவந்தவர் அவர்.

"ஆக்கள் சிரிப்பினம் மச்சாள். என்ர மரியாதையும் இருக்கெல்லே?"

அதுதானே விஷயம். இவருடைய மரியாதை எனக்குத் தெரியாததா? எனக்கு மூன்று வீடு தள்ளி இருந்துகொண்டு, கோயிலில் யார் கேட்டாலும், பணக்காரர் இருக்கும் இடத்தைச் சொல்லி, "நாங்கள் காசில் ஹில் பக்கம்" என்பார். அவர் வீட்டுக் குப்பையும் என் வீட்டுக் குப்பையும் ஒரே லொறியில்தான் ஏறுகின்றன.

வேதவல்லி என் பக்கம் திரும்பினாள். "அவர் கேட்டது அது ஒண்டுதான் அக்கா. வாற்றன்சைட் எண்டு எழுதுங்கோ."

எழுதினேன். "கீழ சகோதரர் சேகர். பக்கத்தில ஊர் என்ன போட?"

"காசில் ஹில்," என்று முந்தினார் சேகர்.

"டூங்கபி," என்றாள் வேதவல்லி.

"மச்சாள்!"

"ஏன்? அதை எந்த வருசம் காசில் ஹில்லோட சேர்த்தவங்கள்?"

டூங்கபி என்றே போட்டு, அனுப்பிவிட்டேன்.

பின்னேரம் அவரிடமிருந்து போன். அண்ணனைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"அக்கா, அந்த டூங்கபியை மட்டும் எடுக்க ஏலாதோ?"

"ஏலாது தம்பி," என்றேன். "இருக்கட்டும். துக்கம் விசாரிக்க வாறவை காசில் ஹில்லில தேடித் திரியாமல் நேர உங்கட வீட்டுக்கு வருவினம்."