இரண்டு மணிக்கு வெளியே போனவன்

ஆறு மணி நேரம். நோன்பு மாதத்தில் முஸ்லிம் தொழிலாளியிடம் அதற்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்பது ஓமான் சட்டம். பர்காவில் எங்கள் தொழிற்சாலை சமோசாவுக்கு மாவுத் தாள் போடுகிறது. ஊரே அதைக் கேட்பதும் இந்த ஒரு மாதத்தில்தான்.

"சட்டத்துக்கு ஆறு, சமோசாவுக்கு எட்டு" என்பார் மேலாளர் ஹுமைத்.

அந்த இரண்டு மணி நேரத்தை மறைப்பதுதான் என் வேலை. காலை எட்டுக்கு அவரவர் அட்டையை வருகைப் பதிவு இயந்திரத்தில் காட்டிவிட்டு என் டப்பாவில் போடுவார்கள். பகல் இரண்டுக்கு வெளியேறும் பொத்தானை அமுக்கி நாற்பத்தோரு அட்டைகளையும் நானே காட்டுவேன். பதிவில் எல்லோரும் வெளியே. மாவை அழுத்தும் உருளைகள் நான்கு மணி வரை சுற்றும். பிறகு அட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

செவ்வாய்க்கிழமை மூன்று பத்துக்கு, தாள் விடும் மர்ஹூனின் வலக்கை உருளைக்குள் போனது. மூன்று விரல்கள்.

உருளையை நிறுத்தியது நான்தான். சிவந்த தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். எனக்கு எதுவும் தோன்றவில்லை.

ஆம்புலன்ஸ் போனதும் ஹுமைத் என் பக்கம் வந்தார்.

"இங்க பாரு சுலைய்யம். அவன் ரெண்டு மணிக்கே போயிட்டான். செருப்பை மறந்துட்டுத் திரும்பி வந்தான். விளையாட்டா கையை விட்டுட்டான்."

"செருப்பா சார்?"

"போனுன்னு சொன்னா போனை வாங்கிப் பாப்பாங்க. செருப்பு பேசாது."

புதன்கிழமை மாலை மருத்துவமனைக்குப் போனேன். மர்ஹூன் சிரித்தான்.

"சின்ன வயசுல இடது கையால சாப்பிட்டா எங்கம்மா அடிப்பாங்க. இப்ப அவங்களே ஸ்பூனை இடது கையில குடுக்கறாங்கடா."

அவனுடைய கட்டுப்போட்ட வலக்கையைப் பார்த்தேன்.

"விளையாடினேன்னு எழுதப் போறாங்களாமே? வேலையில இருக்கறப்ப போச்சுன்னு பதிவானாத்தான் எனக்கு நஷ்டஈடு ஏதாவது உண்டு. இல்லன்னா விரலும் போச்சு, பேரும் போச்சு. உனக்குத் தெரியும்ல?"

"பாக்கலாம்" என்றேன்.

வியாழக்கிழமை பகலில், தொழிலாளர் துறையிலிருந்து ஃபத்தீலா என்ற அதிகாரி வந்தார். ஹுமைத் செருப்புக் கதையைச் சொன்னார். நன்றாகவே சொன்னார். ஃபத்தீலா பதிவுத் தாள்களைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"மர்ஹூன் இப்ப எங்க?"

"ஆஸ்பத்திரியில, மேடம். செவ்வாய்லேர்ந்து அங்கதான்."

"அப்ப நேத்து ரெண்டு மணிக்கு இங்கேர்ந்து வெளிய போனது யாரு?"

தஸ்பீஹ் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்த ஹுமைத்தின் விரல் ஒரு மணியில் நின்றது.

"உள்ள வரவே இல்ல. வெளிய மட்டும் போயிருக்கான்" என்றார் ஃபத்தீலா.

"மிஷின் கோளாறு மேடம்!"

கோளாறு இல்லை. செவ்வாய் மாலை எடுக்க ஆளில்லாமல் மர்ஹூனின் அட்டை டப்பாவிலேயே கிடந்தது. புதன்கிழமை இரண்டுக்கு எல்லாவற்றோடும் அதையும் காட்டிவிட்டேன். பெயரைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது. கை நிற்கவில்லை, அவ்வளவுதான்.

"நான்தான் காட்டினேன்."

"நோன்பு மயக்கத்துல உளர்றான் மேடம். டேய், வெளிய போ!"

"தினமும் நாப்பத்தோரு பேருக்கும் நான்தான் காட்டறேன். எல்லாரும் நாலு மணி வரைக்கும் இங்கதான் இருப்பாங்க." யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பதுபோல இருந்தது என் குரல்.

"கை போனப்ப மர்ஹூன்?"

"உருளையில தாள் விட்டுக்கிட்டு இருந்தான். வேலையிலதான்."

ஃபத்தீலா எழுதினார். "கையெழுத்துப் போட்டா உங்க வேலை நிலைக்காது. தெரியும்ல?"

"தெரியும்."

கையெழுத்துப் போட்டேன். பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதுவும் இல்லை.

இரண்டு மணிக்கு ஃபத்தீலா உருளைகளை நிறுத்தச் சொன்னார். தலையெல்லாம் மாவாக எல்லோரும் அட்டை இயந்திரத்தின் முன்னே வரிசையாக நின்றார்கள். டப்பாவைத் திறந்து அட்டைகளைக் கொடுத்தேன்.

"வெளிய போறதுக்கு எந்தப் பொத்தான்பா?" என்று முதல் ஆள் கேட்டான். நோன்பின் முதல் நாள் வேலைக்குச் சேர்ந்தவன் அவன்; பதினேழு நாளில் ஒருமுறைகூட அதை அமுக்கியதில்லை.

"கீழ உள்ளது" என்றேன்.

எல்லோரும் போன பிறகு டப்பாவில் மர்ஹூனின் அட்டை மட்டும் மிஞ்சியது. என் கை தானாக அதை எடுத்து இயந்திரம் வரை கொண்டுபோய்விட்டது.

ஃபத்தீலா ஒரு உறையைத் திறந்து நீட்டினார். அதற்குள் போட்டேன்.