பென் டிரைவிலிருந்து திரும்பிய நாய்

ஆர்வித் கோஸ்கெலா தன் கணினியை முதல்முறை அழித்து மறுபடி நிறுவிய அன்று, செத்துப்போன நாய் முஸ்தி சமையலறையில் நின்று தட்டை நக்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் அடித்த சுவர் பழையபடி பச்சையாகியிருந்தது. அவன் மனைவி லோர்னாவின் கடைவாய்ப் பல்லில் டாக்டர் வைத்த அடைப்பைக் காணோம், பழைய சொத்தைதான் இருந்தது. தண்டர் பே ஊரில் அந்த வாரம் பனி கொஞ்சம் அதிகம், வேறு விசேஷமில்லை.

விஷயம் இதுதான். ஒரு குளிர்காலம் முழுக்க ஆர்வித் அந்தக் கணினியோடு மல்லுக்கட்டி, எழுத்தின் அளவு, திரையின் நிறம், எந்த விசையை அழுத்தினால் எது திறக்கும் என்பதுவரை தன் கைக்குத் தோதாக மாற்றி வைத்திருந்தான். இன்னொரு முறை அந்தப் பாடு படக்கூடாதென்று எல்லா அமைப்புகளையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டான். வெறும் கணினியில் செருகி ஒரு கட்டளை கொடுத்தால் போதும், எல்லாம் இருந்தபடி வந்து உட்கார்ந்துவிடும். நகலெடுத்த அன்று முஸ்தி அவன் காலடியில் படுத்திருந்தது. வீடும் சேர்ந்து அதில் ஏறிவிடும் என்று யார் கண்டது? இந்த மாதிரி ஆட்களின் வழக்கப்படி, அதற்குப் பிறகு ஆயிரம் மாற்றம் செய்தும் நகலை மட்டும் அவன் புதுப்பிக்கவே இல்லை.

லோர்னா மறுபடி மஞ்சள் அடித்தாள், மறுபடி பல்லை அடைத்துக்கொண்டாள். வருஷங்கள் ஓடின. முஸ்தி கிழடாகி மறுபடி செத்தது. அதே வாரம் கணினியும் படுத்துவிட்டது என்றான் ஆர்வித். மறுபடி நாய், மறுபடி பச்சை, மறுபடி பல்வலி. அப்போதுதான் லோர்னாவுக்குப் பொறி தட்டியது. கணினி தானாகக் கெடவில்லை, இந்த மனுஷன்தான் கெடுக்கிறான்.

லோர்னா மூன்றாம் முறையாக மஞ்சள் அடித்து, பல்லையும் அடைத்துக்கொண்டாள். பிறகு மகள் ஐலி பிறந்தாள். முஸ்தி பின்னங்காலை இழுத்து நடக்கத் தொடங்கியதும், ஆர்வித் கணினி முன் பெருமூச்சு விட்டாலே லோர்னா குழந்தையோடு வந்து அவன் பின்னால் நின்றாள்.

"புதுசா ஒரு நகல் எடு. இப்பவே, என் கண்ணு முன்னாடி."

"எல்லாம் நல்லாத்தானே ஓடுது, எதுக்கு வம்பு?"

"நீ வச்சிருக்கிறதுல முஸ்தி இருக்கு, ஐலி இல்ல. தெரியுமா தெரியாதா உனக்கு?"

"குழந்தை என்ன கணினி அமைப்பா லோர்னா, அழிஞ்சு போறதுக்கு?"

"ஆமா, என் பல்லு மட்டும் அமைப்பாக்கும்! பேச வந்துட்டான் பெரிசா."

எடுத்தான். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை திரையிலிருந்து கண்ணெடுக்காமல் அவள் உட்கார்ந்திருந்தாள். பழையதை அழித்துவிட்டேன் என்றான். தலையாட்டினாள், நம்பவில்லை. இவர்கள் எதையும் ஒரே ஒரு நகலோடு நிறுத்துகிற ஜாதி இல்லை. காப்பி டப்பா, பனிக்காலணி, கையுறை என்று எல்லாவற்றையும் துழாவினாள். ஒன்றும் சிக்கவில்லை.

பனி உருகியபோது முஸ்தி மூன்றாம் முறை செத்தது. ஆர்வித் குழி வெட்டிப் புதைத்தான். கையைக்கூடக் கழுவாமல், சௌனா என்கிற நீராவிக் குளியலறைக்கு அடுக்கியிருந்த விறகுக்குள் கைவிட்டு எதையோ எடுத்தான். லோர்னா ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டாள். அடப்பாவி, வைத்திருந்திருக்கிறான்! குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவன் அறைக்கு ஓடினாள். பென் டிரைவ் செருகியாகிவிட்டது. கட்டளை திரையில் நின்றது. ஒரு விசைதான் பாக்கி. அவன் விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தான்.

அவள் அவன் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஐலியை அவன் மடியில் வைத்தாள்.

"இவள மடியில வச்சுக்கிட்டே அழுத்து. கை வருதான்னு பாப்போம்."

ஐலி அவனுடைய மண் ஒட்டிய விரலைப் பிடித்து வாயில் வைக்கப் போனாள். அவன் விரலை இழுத்துச் சட்டையில் துடைத்தான். பிறகு பென் டிரைவைப் பிடுங்கி, போய் சௌனா அடுப்பில் போட்டான். நாற்றம் தாங்காமல் அந்தச் சனிக்கிழமை யாரும் குளிக்கவில்லை.

"இதுதான் கடைசியா?"

"கடைசிதான்."

"என்னப் பாத்துச் சொல்லு."

சொன்னான். குனிந்து குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

ஐலி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வாராவாரம் மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்துதான் ஆர்வித் புது நகல் எடுக்கிறான். சுவர் மஞ்சளாகவே இருக்கிறது, பெயின்ட் விலைதான் ஏறிவிட்டது. காலையில் கண் திறக்கும் முன் லோர்னா அந்தக் கடைவாய்ப் பல்லை நாக்கால் தடவிப் பார்ப்பாள். அடைப்பு இருந்தால்தான் எழுந்து, ஐலியை எழுப்பப் போவாள்.