முக்கால் இஞ்ச் கூடுதல்

என் இடது அக்குளில் ஒருவர் குடிவந்து பதினோரு நாளாகிறது. சொல்லிக்கொண்டெல்லாம் வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை, குளித்துவிட்டுத் துவட்டும்போது விரலில் தட்டுப்பட்டார். கொண்டைக்கடலை அளவுதான். தொட்டால் தோள்பட்டை வரைக்கும் சுரீரென்று இழுக்கிறார்.

டாக்டரம்மா அழுத்திப் பார்த்தார். "பெரிசா ஒண்ணும் இருக்காதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா நான் நினைச்சா போதாது. ஸ்கேன் எடுத்து, ஊசியால கொஞ்சம் உறிஞ்சி டெஸ்டுக்கு அனுப்பிடலாம்" என்று புதன்கிழமைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தப் புதன் வந்தபோது, கடையில் பெரிய ஆர்டர் என்று போன் செய்து அடுத்த புதனுக்குத் தள்ளிவைத்தேன். அது நாளைக்கு. அதையும் தள்ளிப்போட ஒரு சாக்கு தயாராக வைத்திருந்தேன்.

வீட்டில் மூச்சு விடவில்லை. என் வீட்டுக்காரர் தனக்குத் தும்மல் வந்தாலே ஊரைக் கூட்டுகிறவர். ஓரகத்தியிடம் சொல்லலாம்தான். அவரோட அண்ணன் பெண்டாட்டி. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் தையல் கடை நடத்துகிறோம். நான் வெட்டுவேன், அவள் தைப்பாள். ஒரு நூல் பிசகினாலும் தெருமுனை வரை கேட்கக் கத்துவாள். அவளிடம் போய் எனக்குப் பயமாயிருக்கிறது என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

அந்த வாரம் முழுக்க வெள்ளைத் துணி. ஒரு பள்ளிக்கூடத்துக்கு அறுபது சட்டை. அட்டை வைத்து வரைகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அளவு என் விரல்நுனியில் இருக்கிறது என்று பீற்றிக்கொள்கிறவள் நான். மேசைமேல் துணியை விரித்தால் ஜன்னல் வெயில் அதில் விழுந்து அறையே கண் கூசும். மிஷின் சத்தம் மெல்ல மெல்லத் தூரமாய்ப் போகும். நான் நின்ற இடத்தில் நின்றபடியே துணிக்குள் இறங்கி நடப்பேன். பாதம் புதையப் புதைய வெள்ளை. அங்கே ஆட்களே இல்லை, சட்டைகள் மட்டும் கூட்டமாக எங்கோ போய்க்கொண்டிருக்கும். அவசரமில்லை, பேச்சில்லை. நானும் ஒரு சட்டையாகி அவற்றோடு போவேன். சட்டைக்கு ஏது வலி? எவ்வளவு சுகமாயிருக்கும் தெரியுமா! அப்புறம் கத்தரிக்கோல் 'கறுக்'கென்று கடிக்கும். விழித்துப் பார்த்தால் துணி வெட்டுப்பட்டிருக்கும். எப்போது வெட்டினேன் என்று எனக்கே தெரியாது.

இன்று மத்தியானம் மிஷின் நின்றது. கத்தல் வரப்போகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை. ஓரகத்தி எழுந்து வந்து, தைத்த சட்டைகளை என் முன்னால் அடுக்கினாள்.

"இருபத்தேழு இருக்கு. உள்பக்கம் திருப்பிப் பாரு."

"என்னக்கா?"

"நீ வெட்டினதுல கை வெக்கிற வளைவு எல்லாத்துலயும் முக்கால் இஞ்ச் கூடுதல். நாலு நாளா நான்தான் பிடிச்சுப் பிடிச்சுத் தைக்கிறேன்."

டேப்பை எடுத்தேன். வெட்டி வைத்துத் தைக்காமல் கிடந்த துணிகளை அளந்தேன். முக்கால் இஞ்ச். அடுத்ததிலும் முக்கால் இஞ்ச். அக்குளில் எதுவும் உரசிவிடக் கூடாதென்று, முகம் தெரியாத பிள்ளைகள் அத்தனை பேருக்கும் நான் இடம் விட்டு வெட்டியிருக்கிறேன்.

"மொத சட்டையிலயே கத்தியிருக்கலாம்ல?"

"கத்தத்தான் வந்தேன். நீ இடது கைய உடம்புல ஒட்டாம தூக்கிட்டு நின்னே. கண்ணு எங்கேயோ இருந்துச்சு. எனக்கு வாயே வரல." குரலைத் தாழ்த்தினாள். "யாரு அளவுடி இது?"

"தூக்கக் கலக்கம்க்கா."

"என் முகத்தப் பாத்துச் சொல்லு."

பார்க்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்து அக்குளில் வைத்தேன். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். அந்த இடத்துக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டன.

"எப்பலேருந்து?"

"பதினோரு நாளா. நாளைக்கு டெஸ்ட். போகலாமா வேண்டாமான்னு..."

"வேண்டாமாவா?" இதோ, வந்துவிட்டது கத்தல். வாசலில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். "செருப்பு பிஞ்சிடும்! காலையில கடைய மூடிட்டு நானும் வர்றேன்."

"வியாழக்கிழமை சட்டை குடுக்கணுமே. முப்பத்துமூணு பாக்கி."

"புள்ளைங்க ரெண்டு நாள் பழைய சட்டையில போனா பள்ளிக்கூடம் இடிஞ்சா விழுந்துடும்?"

கத்தி முடித்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது. கை மட்டும் அங்கேயே இருந்தது.

"வலிக்குதா?" என்று கேட்டாள்.

"ரொம்ப வலிக்குதுக்கா." என் குரல் எனக்கே புதிதாயிருந்தது. "பயமா இருக்குக்கா."

தேற்றுவாள் என்று நினைத்தேன், இல்லையென்றால் திட்டுவாள்.

"எனக்கும்தான்டி," என்றாள்.